அழுத்திய கை அவருடையது

தரம் எட்டுக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் கைத்தொலைபேசியைத் தொடுவதில்லை என்பது என் சட்டம். அந்தச் சட்டத்துக்கு ஒரேயொரு விதிவிலக்கு ஃபாரூக் நானா. கற்பிட்டிப் பக்கத்து எங்கள் முதலுதவித் தொண்டர் குழுவின் ஓட்டோக்காரர் அவர். அவருடைய பெயர் திரையில் வந்தால் எங்கோ ஒரு மனிதர் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். வெண்கட்டியை வைத்துவிட்டு, "எங்கை? ஆர்?" என்று கேட்டபடியே வெளியே ஓடி வந்தேன்.

"ஓட வேணாம் சேர்," என்றார். "ஹமீதா ராத்தா மவுத்தாகிட்டாங்க. விடிய சுபஹ் தொழுதுட்டுச் சாஞ்சவங்க எழும்பல்ல. பின்னேரம் அஸருக்குப் பொறகு அடக்கம்."

அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. "அப்ப ஆர் குளிப்பாட்டுறது?"

"அதைத்தான் சேர் இங்கயும் ஒருத்தர் மூஞ்சைய ஒருத்தர் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க. மூத்த மகள் முன்னுக்கு வந்திருக்கா," என்றார்.

இதை வாசிக்கப்போகிறவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக இந்தக் கரைக்கு வந்தவர் ஹமீதா ராத்தா. கருவாட்டு வாடியில் மீன் வெட்டி, உப்பிட்டு, காயப்போட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினார். அத்தோடு, எங்கள் பகுதியில் ஒரு முஸ்லிம் பெண் இறந்தால் அந்த ஜனாஸாவை, அதாவது உடலை, குளிப்பாட்டி வெள்ளைக் கபன் துணி சுற்றுகிறவர் அவர்தான். அதற்குக் கூலி வாங்கமாட்டார். யார் வீடு, என்ன நேரம் என்று கேட்கமாட்டார். அண்ணனை அவர்கள் நானா, காக்கா என்பார்கள்; அக்காவுக்குச் சொல்லும் சொல் ராத்தா. கிழவிகள்கூட அவரை ராத்தா என்றுதான் அழைத்தார்கள். நான் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கத்தோலிக்கன், கணித ஆசிரியன். நானும் அழைத்தேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், பாடசாலை மண்டபத்தில் எங்களுக்கு முதலுதவிப் பயிற்சி நடந்தது. அம்புலன்ஸ் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க ஊருக்குள்ளேயே ஆட்கள் வேண்டும் என்பதுதான் யோசனை. பயிற்சி தந்தவர் ஒரு சிங்களத் தாதி, தமிழும் நன்றாகக் கதைப்பார். தரையில் ஒரு இறப்பர்ப் பொம்மையைக் கிடத்தி, நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினார். முப்பது தடவை அழுத்தல், இரண்டு தடவை மூச்சு. நான் முன்வரிசையில் கொப்பியோடு இருந்தேன். பொம்மையை அழுத்தச் சொன்னபோது பொடியன்கள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். ஹமீதா ராத்தா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து குந்தினார். வருடக்கணக்காக உப்புக்கூடை தூக்கிய கை அது. பொம்மையின் உள்ளே ஏதோ ஒன்று கழன்று விழுகிற அளவுக்கு அழுத்தினார்.

பிரச்சினை எண்ணிக்கையில் வந்தது. அவர் வாய்க்குள் 'சுப்ஹானல்லாஹ்' சொல்லித்தான் எண்ணினார். தொழுகைக்குப் பிறகு அதை முப்பத்துமூன்று தடவை சொல்லிப் பழகிய நாக்கு, முப்பதில் நிற்காது. "ராத்தா, முப்பது எண்டால் முப்பது," என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் முப்பத்துமூன்று. என் வாய் சும்மா இருக்காது. விகிதம் பிழைத்துவிட்டது என்று தாதியிடம் முறையிட்டேன். தாதி வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். "மூணு கூடினா ஒண்டும் நடக்காது மாஸ்டர். குறைஞ்சாத்தான் பயம்," என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அன்று தேநீர் வேளையில்தான் அவருடைய மற்ற வேலையைப் பற்றி அறிந்தேன். ஜனாஸா குளிப்பாட்டுகிற கையால் தந்த பிஸ்கட்டை வாங்கி, தின்னாமல் சட்டைப் பைக்குள் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். எனக்கு இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது.

எங்களுக்கு வந்த முதல் அழைப்புகளில் ஒன்று வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் வீட்டிலிருந்து. சீனி வருத்தக்காரர், அறுபது தாண்டியவர். இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய், வந்து தள்ளாடி விழுந்துவிட்டார். ஃபாரூக் நானாவின் ஓட்டோவில் நானும் ராத்தாவும் போய் இறங்கினோம். ராத்தா படலையைத் திறந்ததுதான் தாமதம், உள்ளே ஒரு பெண் அவரைக் கண்டாள். "அல்லாஹ்வே! ராத்தா வந்துட்டாங்க!" என்று ஒரு கத்தல். அவ்வளவுதான், வீடு முழுக்க ஒப்பாரி. அந்த மனிதர் ஆண்பிள்ளை, அவரைக் குளிப்பாட்ட ராத்தாவைக் கூப்பிடமாட்டார்கள் என்ற யோசனைகூட ஒருவருக்கும் வரவில்லை. ராத்தா வாசலில் நின்றால் அந்த வீட்டில் மவுத்து என்பது அவர்களுக்கு அப்படி ஊறிப்போயிருந்தது. ராத்தா அந்த அழுகைக்கு நடுவே நடந்து போய், மனிதரை ஒருக்களித்துப் பிடித்து, கன்னத்துக்கும் பல்முரசுக்கும் இடையில் சீனியை விரலால் தேய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கால்மணித்தியாலம் போயிருக்கும். மனிதர் கண்ணைத் திறந்து, சுற்றி அழுகிறவர்களைப் பார்த்து, "ஆரு மவுத்து?" என்று கேட்டார்.

"நீங்கதான் காக்கா," என்றார் ராத்தா. "வேணாம் எண்டு திரும்பி வந்துட்டீங்க."

நான் சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் படலைக்கு வெளியே நின்று ராத்தா ஒரு அறிவித்தல் விடுவார்: "நான் அதுக்கு வரல்ல! மத்த வேலைக்கு வந்திருக்கன்! ஒருத்தரும் அழப்படாது!" எங்கள் குழுவில் அதை நடித்துக் காட்டாத ஆள் இல்லை.

ஆனால் எல்லா வீட்டிலும் அந்த அறிவித்தல் எடுபடவில்லை. ஒரு பெருநாள் மத்தியானம். ராத்தாவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, நாற்பது வயதுப் பெண்ணொருத்தியின் தொண்டையில் இறைச்சித் துண்டு இறுகிவிட்டது. ஒரு பிள்ளை ஓடிவந்து ராத்தாவிடம் சொல்ல, அவர் சாப்பிட்ட கையோடு ஓடினார். வாசலில் அந்த வீட்டுப் பெரியவர்கள் மறித்தார்கள். "நீங்க உள்ளுக்கு வராதீங்க ராத்தா. பெருநாளும் அதுவுமா, உங்கட கால் இப்ப இங்க படப்படாது," என்றார்கள். அவர் கத்தினார், கெஞ்சினார், பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் எப்படிக் குத்தவேண்டும் என்று வேலிக்கு மேலால் கையால் செய்து காட்டினார். உள்ளே முதுகைத் தடவிக்கொண்டும் தண்ணீர் பருக்கிக்கொண்டும் நின்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ராத்தா வேலியோரம் மணலில் இருந்தார்.

ஒரு மணித்தியாலம் கழித்து அதே பெரியவர்கள் அவருடைய வீட்டுக்கு வந்தார்கள், குளிப்பாட்ட ஆள் வேண்டுமென்று. நானாக இருந்தால் நாலு பேர் கேட்கக் கிழித்திருப்பேன். அவர் எழுந்து, கைகால் கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு போனார். பிறகொருநாள் அதைப் பற்றி என்னிடம் சொன்னது இரண்டே வசனம். "ரெண்டாந்தரம் போனப்போ கதவு நல்லா விரியத் திறந்திருந்திச்சி சேர். அந்தப் புள்ளைட தலைமயிரைக் கழுவக்குள்ள அவக்கிட்ட மாப்புக் கேட்டன்."

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். குழுவின் செயலாளர் நான். ஒழுங்குமுறை என்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு. "ராத்தா, ரெண்டு வேலையில ஒண்டை விடுங்கோ. நீங்கள் அங்கை போறதால சனம் இங்கை உங்களை விடுகுதில்லை. இனி ஒரு உயிர் அப்பிடிப் போகக்கூடாது," என்றேன். நியாயமாகத்தான் பேசினேன் என்று இன்றும் நினைக்கிறேன். நியாயமாகப் பேசுவது எனக்கு எப்போதும் சுலபம்.

அவர் கோபிக்கவில்லை. "எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் தெரியுது சேர்," என்றார். "விழுந்த ஆளைத் தனிய விடப்படாது. எழும்பினா எழும்பட்டும். எழும்பாட்டியும் தனிய விடப்படாது." நான் கொப்பியை மூடினேன்.

அவர் விலகவில்லை என்றானபிறகு, ஊரைத் திருத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கணக்கு வாத்தி அல்லவா! பெற்றோர் கூட்டத்தில், மீன் ஏலத்தில், எங்கள் பங்கில் பூசை முடிந்த பிறகு என்று எங்கு நாலு பேரைக் கண்டாலும் விளக்கம் கொடுத்தேன். "ஹமீதா ராத்தாவைக் கண்டால் மரணம் வந்துவிட்டது என்று நினைப்பது மூடத்தனம். குடையைக் கண்டு மழை வருவதில்லை," என்பேன். நல்ல உவமானம் என்று எனக்கே என்னில் ஒரு மெச்சல். சனமும் மெல்ல மெல்ல மாறியது. மறித்தவர்கள் குறைந்தார்கள்.

இனிச் சொல்லப்போவதை இதுவரை நான் எங்கும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்குக் காய்ச்சல் என்று பூசைக்குப் போகவில்லை, என் மனைவி ஸ்டெல்லாவும் போகவில்லை. அயலெல்லாம் கோவிலில். கிணற்றடியில் தண்ணீர் மோட்டரைப் போடப் போனவள் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தாள். வயர் நனைந்து கிடந்தது. நான் முதலில் வீட்டுக்குள் ஓடி மெயின் சுவிச்சை நிறுத்தினேன்; அது சரி. மூச்சைப் பார்த்தேன், இல்லை. அம்புலன்சுக்கும் ஃபாரூக் நானாவுக்கும் அழைப்பெடுத்தேன், அதுவும் சரி. மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். முப்பது, இரண்டு. முப்பது, இரண்டு. எண்ணிக்கை ஒன்றும் பிழைக்கவில்லை.

ஃபாரூக் நானா ராத்தாவை எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, அம்புலன்சுக்கு வழி காட்டச் சந்திக்குப் போய்விட்டார். ராத்தா அன்று காலை ஒரு ஜனாஸா வீட்டில் இருந்திருக்கிறார். வேலை முடித்த கையோடு ஏறி வந்தவர். ஓடிவந்த அவசரத்தில் அந்த அறிவித்தலை விடவில்லை. நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வெள்ளை முக்காடு. முழங்கை வரை நனைந்த சட்டைக்கை. அவரோடு சேர்ந்து, ஜனாஸா கழுவும் தண்ணீரில் கலக்கிற கற்பூரத்தின் வாசமும் வந்தது.

என் கை நின்றது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. களைப்பும் இல்லை. அவரைக் கண்டதும் எனக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊர் முழுக்க நின்று விளக்கம் கொடுத்தவன், குடைக்கும் மழைக்கும் வித்தியாசம் சொன்னவன், பின்னால் சாய்ந்து கிணற்றுக்கட்டில் முதுகைப் போட்டுவிட்டு, "வந்திட்டீங்களே ராத்தா... போயிட்டாள் என்ன?" என்று கேட்டேன்.

"அட விலகுங்க சேர்!" என்று என் தோளில் ஒரு தள்ளு. அவர் குந்தி, முக்காட்டைப் பின்னால் எறிந்து, அழுத்தத் தொடங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு அப்போது. விடிந்ததிலிருந்து நின்றபடி வேலை செய்த உடம்பு. அம்புலன்ஸ் வரும் வழியில் கழுதைக் கூட்டமொன்று வீதியில் படுத்திருந்ததாம்; ஃபாரூக் நானா இறங்கிக் கலைத்திருக்கிறார். அந்த இருபது நிமிடமும் ராத்தா தனியே அழுத்தினார். இரண்டு தடவை என்னைப் பார்த்து, "கை மாத்துங்க சேர்," என்றார். என்னால் எழும்ப முடியவில்லை. மூன்றாம் தடவை கேட்கவில்லை. அவருடைய வியர்வை மூக்கு நுனியால் சொட்டி ஸ்டெல்லாவின் சட்டையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் அவர் சொல்வது எனக்குக் கேட்டது. நான் எண்ணினேன். எனக்கு அது ஒன்றுதான் வரும். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. அதற்கு மேலும் அவர் போகட்டும், நிறுத்தவே கூடாது என்று மாதாவை மன்றாடினேன்.

அம்புலன்சில் வந்தவர்கள் நெஞ்சில் மின்கருவியை வைத்தார்கள். இரண்டாவது தரம் இதயம் பிடித்துக்கொண்டது. சிலாபம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்றாம் நாள் ஸ்டெல்லா கண் விழித்து, "மோட்டரை நிப்பாட்டினீங்களோ?" என்று கேட்டாள்.

விறாந்தையில் வைத்தியர் வந்து, "விடாமல் அழுத்தியிருக்கிறீர்கள். அதுதான் காப்பாற்றியது. யார் செய்தது?" என்று கேட்டபோது ராத்தா, ஃபாரூக் நானா, எங்கள் பங்குத்தந்தை, என் பாடசாலை அதிபர் எல்லோரும் நின்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் ராத்தா சொன்னார்: "சேர்தான். நான் போகக்குள்ள அவர் அழுத்திக்கொண்டிருந்தாரு."

ஒரு சொல்லும் பொய்யில்லை, பாருங்கள். நான் போய் அந்த மிச்சத்தைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கோவிலில் பொன்னாடை போர்த்தினார்கள், குனிந்து வாங்கிக்கொண்டேன். பாடசாலையில் காலைக்கூட்டத்தில் கைதட்டினார்கள். ஸ்டெல்லா சொந்தக்காரர் யார் வந்தாலும், "இவர் இல்லாட்டி நான் இல்லை," என்பாள். நான் தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று குசினிக்குள் போய்விடுவேன். எத்தனை வருடம்!

ஒரேயொருமுறை கருவாட்டு வாடிக்குப் போய் அவரைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. கட்டாக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நான் செஞ்சன் எண்டு சொன்னா ஊரு ரெண்டு நாள் பேசும் சேர். நீங்க செஞ்சீங்க எண்டா உங்கட பொஞ்சாதி ஒவ்வொரு நாளும் சந்தோசமா உங்கட மூஞ்சையப் பாப்பா. எனக்கு ஊருட பேச்சு என்னத்துக்கு?"

"நான் கையை விட்டிட்டன் ராத்தா."

"தெரியும். என்னைக் கண்டுதானே விட்டீங்க. அப்ப அதுல என்ட பங்கும் இருக்கு. போங்க, வெயில்ல நிக்காதீங்க."

கடவுளே! எப்படிப்பட்ட மனுசி! தன்னைக் கண்டு ஒருவன் மனைவியைக் கைவிட்டான். அந்தக் குற்றத்திலும் தனக்குப் பாதி எடுத்துக்கொண்டார். நான் அரை நூற்றாண்டு உயிரோடிருந்து பார்த்த மனிதர்களில் இவ்வளவு பெரிய ஆள் வேறு யாரும் இல்லை. யுத்தத்துக்குள்ளும் பார்க்கவில்லை, வெளியேயும் பார்க்கவில்லை. அவர் உயிரோடிருந்தபோது இதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடக்கத்துக்கு நானும் ஸ்டெல்லாவும் போனோம். ஆண்கள் பக்கம் நிற்க இடமில்லை. ஆலங்குடாவிலிருந்தும் தூர ஊர்களிலிருந்தும் மீன் லொறிகளில் ஆட்கள் வந்திருந்தார்கள். ஸ்டெல்லா உள்ளே போய் முகம் பார்த்துவிட்டு வந்தாள். "நித்திரை மாதிரி இருக்கிறா," என்றாள். ஜனாஸாவைத் தூக்கினபோது தோள் கொடுக்க முண்டியடித்தவர்களுக்குள் நானும் ஒரு கணம் கை வைத்தேன்.

நாலாம் நாள், இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தபோது முதல் வரிக்கு மேல் போக முடியவில்லை. எழுந்து குசினிக்குப் போனேன். ஸ்டெல்லா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், என் கை நின்றதிலிருந்து வாடியில் ராத்தா சொன்னது வரை. அவள் தண்ணீர்க் குழாயை நிறுத்தி, ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள். பிறகு அந்தக் கையை நெஞ்சின் இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அன்று அழுத்தியதில் ஒரு விலா எலும்பு உடைந்து, கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருக்கிறது. தொட்டால் ஒரு புடைப்பு தெரியும்.

"இது நீங்கள் உடைச்சதெண்டு எத்தினை பேருக்குச் சொன்னன்," என்றாள். கண் நிறைந்துவிட்டது. "அண்டைக்குப் பக்கத்தில நிண்டு முகம் பார்த்தனே. ஒரு நன்றி சொல்லாமல் வந்திட்டனே!"

என்னைத் திட்டுவாள் என்று காத்து நின்றேன். அவள் திட்டவில்லை. அதற்கு நேரம் வரும். "போய் எழுதுங்கோ," என்றாள். "ஆர் செய்ததெண்டு பேரைப் போட்டு எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். என் மனைவியின் உயிரைப் பிடித்து நிறுத்தியவர் நானல்ல, கருவாட்டு வாடி ஹமீதா ராத்தா. எனக்குப் போர்த்திய பொன்னாடை அவருடையது. அவரிடமிருந்து எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது ஸ்டெல்லாவின் நெஞ்சில் கோணலாகப் பொருந்திய அந்த ஒரு எலும்புதான். இதை எழுதி முடிக்கும்போது அவள் அடுத்த அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த எலும்பு மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.